இடாப்பில் பெயர் எழுதும் முன்

(நூற்றாண்டு விழாவின் ஓர் அங்கமாக, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை)



இதை வாசிப்பது ஒருத்தி. எழுதியது 97ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு முழுவதும். இரண்டு மாதமாக யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ, லண்டன் என்று நேரம் பார்த்து அழைத்து, ஒருவரையொருவர் மறுத்துத் திருத்தி இதைச் சேர்த்தோம். மேடைக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது, "டொக்டர் சொன்னால் தாய்மார் கேட்பினம்" என்று முடிவாயிற்று. அந்த முடிவிலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வந்திருக்கிறோம்.

1995ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இதே மண்டபத்தில், மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு உயர்தர வகுப்புக்குப் பெயர் பதிந்தார்கள். நாங்கள் வெள்ளைச் சீருடையோடு வரிசையில் நின்றோம். தாய்மார் யன்னல் ஓரமாக நின்றார்கள். அந்தக் காலத்தில் சாதாரண தரத்தில் அதிசிறப்புச் சித்திக்கு 'டி'. மேசையில் இருந்த ஆசிரியை இடாப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு எத்தினை டி?"

"ஏழு, ரீச்சர்."

"அப்ப உயிரியல். அங்கால போய் நில்லும்."

அடுத்தவளுக்கு மூன்று டி. அவள் வர்த்தகம். அதற்கும் குறைந்தவர்கள் கலை. ஒருத்திக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கணிதத்தில் டி எடுத்த பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் "கணிதப் பிரிவு" என்று வாய் திறந்து கேட்டார்கள். "பொம்பிளைப் பிள்ளையள் எஞ்சினியருக்குப் படிச்சு எங்க வேலைக்குப் போறது?" என்று யன்னல் பக்கமிருந்து ஒரு தாய் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்த இருவரில் ஒருத்தி உயிரியலுக்கு வந்துவிட்டாள்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல இன்று எங்களுக்கு மனமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஓர் இடாப்பு, ஒரு காலைப் பொழுது. வெளியே யுத்தம் மீண்டும் தொடங்கியிருந்தது. பாடசாலை மணி ஒழுங்காக அடித்ததே பெரிய காரியம்.

அப்போது உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். உயிரியல் பிரிவில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். நான்கிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி 400க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். சில மாதங்கள் படித்திருப்போம், ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் உறவினர் வீட்டு விறாந்தைகளில் இருந்துகொண்டு, உள்ளூர்ப் பாடசாலைகளில் பின்னேர வகுப்புக்குப் போனோம். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது வகுப்பில் பல கதிரைகள் காலி. வன்னிக்குப் போனவர்கள் போனதுதான். ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருப்போம் போலிருக்கிறது. அதை இங்கே விடுகிறோம்.

பெறுபேறு வந்தது. எங்களில் மூன்று பேருக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. பாடசாலை மூவருக்கும் மாலை போட்டது. அதே வகுப்பில் இருந்த மற்றவர்களைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் கேட்கவில்லை.

அவர்களில் ஒருத்தியின் கதையை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பின்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் நல்லது. அவளுக்குப் புவியியல் என்றால் உயிர். மழைவீழ்ச்சி வரைபடத்தை யாரும் கேட்காமலே நிறந்தீட்டி வைத்திருப்பாள். ஆனால் அவளுக்கு எட்டு டி. எட்டு டி எடுத்த பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவதை அன்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தகப்பனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். உயிரியலுக்கு வந்தாள். 97இல் எழுதினாள், போதவில்லை. 98இல் எழுதினாள், ஐந்து புள்ளி குறைவு. 99இல் மூன்றாம் முறை. பரீட்சை மண்டபத்தில் பௌதிகவியல் வினாத்தாளைத் திறந்துவிட்டு, மூன்று மணித்தியாலமும் எழுதாமல் இருந்தாளாம். இதை எங்களுக்கு அவள் சொன்னது இருபது வருடம் கழித்து.

மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் போக முடியாது. இன்றும் அதுதான் விதி. அவள் கனடாவுக்குத் திருமணமாகிப் போனாள். இப்போது அங்கே ஒரு மாநகரசபையில் நில வரைபடங்களோடு வேலை செய்கிறாள். வடிவாக இருக்கிறாள். "பத்து வருசம் பிந்தித்தான் எனக்குப் பிடிச்ச வேலைக்கு வந்தனான்" என்று மட்டும் சொல்வாள்.

அவளுடைய மகள் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலை படித்து முடித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினாள். அங்கே பாடசாலைச் சான்றிதழ் பெற 30 கிரெடிட் சேர்க்க வேண்டும். சில பாடங்கள் கட்டாயம், மற்றவை பிள்ளையின் தெரிவு. 40 மணித்தியாலம் சமூகசேவை செய்ய வேண்டும். எழுத்தறிவுத் தேவையையும் நிறைவேற்ற வேண்டும். இவற்றைவிட அவளை ஆச்சரியப்படுத்தியது ஒன்று: பத்தாம் வகுப்பில், எதிர்காலத்தில் என்ன படிப்பது என்று யோசிப்பதற்கென்றே அரைக் கிரெடிட்டுக்கு ஒரு கட்டாயப் பாடம். பிள்ளை பௌதிகவியலையும் நாடகத்தையும் ஒன்றாகப் படித்தது. அங்கேயும் பிழை விடலாம். பதினோராம் வகுப்பில் இரசாயனவியலை விட்டுவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கான இரசாயனவியல் வகுப்புக்குப் போக முடியாது. ஆனால் அதை முதலிலேயே ஒருவர் உட்கார்ந்து சொல்லுகிறார். "எங்களுக்கு அரை நிமிசம், இவையளுக்கு அரைக் கிரெடிட்" என்று சிரித்தாள். சிரிப்பு முடியும்போது குரல் மாறியிருந்தது.

பெற்றோரே, அந்த நாட்டை இங்கே கொண்டுவர முடியாது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் முறை வேறு. இங்கே மூன்று பாடங்கள்தான். 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலாயிற்று. தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதமாயிற்று. மூன்றே பாடங்கள் என்பதால் ஒன்றைப் பிழையாகத் தெரிந்தாலும் இழப்பு பெரிது.

சில வருடங்களுக்கு முன், வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் கடமையாற்றிய காலத்தில், தலையிடி என்று ஒரு பிள்ளையைத் தாய் கூட்டிவந்தார். கண்ணில் குறையில்லை, இரத்த அழுத்தம் சரி. "இரவிரவாப் படிக்கிறாள் டொக்டர். உங்களைப் போல வரவேணும் எண்டு ஆசை" என்றார் தாய். என்ன பாடங்கள் என்று கேட்டோம். உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம். பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, அதனால் விவசாயம் எடுக்கச் சொன்னார்களாம். உயிரியல் பிரிவில் அப்படி எடுக்கலாம், அது முறையான தெரிவுதான். விவசாய பீடத்துக்குப் போகலாம், வேறு சில கற்கைநெறிகளுக்கும் போகலாம். மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் போக முடியாது. அவற்றுக்குப் பௌதிகவியல் வேண்டும். பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

நாங்கள் தெரிந்த துணிவையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னோம். தாய் நம்பவில்லை. பிள்ளை நம்பினாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. அன்று கொடுத்த மருந்துச் சீட்டில் பனடோல் எழுதியதாக ஞாபகம்.

இதே மாதிரிக் கணிதப் பிரிவிலும் நடக்கிறது. இரசாயனவியல் கடினம் என்று அதற்குப் பதிலாகத் தகவல் தொழினுட்பம் எடுக்கிறார்கள். கணினித் துறைகளுக்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் அது நல்ல தெரிவு. ஆனால் பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அதே நேரம், எந்தப் பிரிவில் படித்தாலும் விண்ணப்பிக்கக்கூடிய கற்கைநெறிகளும் இருக்கின்றன. சட்டம் அப்படியானது. கலைப்பிரிவு என்றால் ஆசிரியத் தொழில் மட்டும்தான் என்று நினைக்கும் தாய்மார் இதைக் கவனிக்கவும். இசையும் நடனமும் படிக்கும் பிள்ளைகளுக்கு மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரில் இயங்கும் நுண்கலை நிறுவனம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது.

இவையெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் தமிழிலும் வெளியிடும் கைநூலில் இருக்கின்றன. அநேகமானோர் அதை உயர்தரப் பெறுபேறு வந்தபிறகுதான் வாங்குகிறார்கள். அது இன்று வாங்கவேண்டிய புத்தகம். தடித்த புத்தகம்தான், முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. பிள்ளை ஆசைப்படும் கற்கைநெறியைத் தேடி, அதற்குக் கீழே எந்தப் பாடங்கள் போட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

"லேசாப் புள்ளி வாற பாடத்தை எடுப்பம்" என்று ரியூசன் வாசல்களில் ஒரு கதை உலாவுகிறது. எங்கள் காலத்தில் புள்ளிகளைக் கூட்டினார்கள் என்பதால் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இப்போது இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரிக்கு மேலே நீங்கள் எவ்வளவு தூரம் நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. எல்லோருக்கும் 80 வருகிற பாடத்தில் உங்கள் 80க்குப் பெறுமதி குறைவு. கடினமான பாடத்தில் எடுத்த 65 அதைவிட மேலே நிற்கக்கூடும். ஆகவே லேசான பாடத்தைத் தேடிப் போவதில் பயன் இல்லை. உங்களால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய பாடத்தைத் தேடுங்கள். அநேகமாக அது பிடித்த பாடமாகத்தான் இருக்கும்.

பொதுச் சாதாரண பரீட்சையையும் மறக்கவேண்டாம். 30 புள்ளி எடுத்தால் போதும் என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. மூன்று பாடத்திலும் நல்ல சித்தி எடுத்துவிட்டு இதில் 28 எடுத்த பிள்ளையை எங்களுக்குத் தெரியும்.

இனி மருத்துவர்களான மூவரைப் பற்றியும் கொஞ்சம். இந்தத் தொழிலை நாங்கள் விரும்புகிறோம், அதில் ஒளிவு இல்லை. ஆனால் எங்களில் ஒருத்தி, அந்த வரிசையில் கணிதப் பிரிவு கேட்டுவிட்டு உயிரியலுக்கு வந்தவள், மருத்துவ பீடத்தில் புள்ளிவிபரவியல் வகுப்பில்தான் முதன்முதலாகச் சந்தோசமாக இருந்ததாகச் சொல்வாள். மற்றவர்கள் அந்த வகுப்பில் நித்திரை. அவள் நல்ல வைத்தியர், நோயாளர் அவளைத் தேடி வருகிறார்கள். என்றாலும் தன் மகன் இணைந்த கணிதக் கொப்பியை விரித்து வைத்திருக்கும்போது, சமையலை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்துகொள்வாளாம்.

பிள்ளைகளே, உங்களில் சிலருக்குக் கணிதத்தில் பயம் இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். உயர்தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றில் 'சி' ஆவது வேண்டும். கணிதம் தவறினாலும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். திரும்ப எழுதலாம். 13 வருட உத்தரவாதக் கல்வி என்று தொழில்சார் பிரிவும் இப்போது சில பாடசாலைகளில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் கணிதம் தவறியவர்களை நாங்கள் அதற்குப் பிறகு காணவே இல்லை. இந்த நூற்றாண்டு மலருக்காகப் பெயர்ப் பட்டியல் எடுத்தபோது, அவர்களில் நான்கு பேரின் முகவரி யாரிடமும் இல்லை.

பெயர் பதியும் நாளை இந்த முறை ஒரு நாளாக வைக்காமல் ஒரு கிழமையாக வைக்க அதிபர் அம்மா சம்மதித்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது நிமிடம். பழைய மாணவிகளில் ஒரு பொறியியலாளர், ஒரு சட்டத்தரணி, ஒரு கணக்காளர், இரண்டு ஆசிரியைகள், ஒரு தாதிய உத்தியோகத்தர், டொக்டர்மார் நாங்கள் ஆகியோர் நூலகத்தில் இருப்போம். கைநூல் ஆறு பிரதி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பின்னேரம் தொலைபேசியில் வருவார்கள். அங்கே முதல் கேள்வி எத்தனை 'ஏ' என்று இருக்காது. கடைசியாகப் படிக்கச் சொல்லாமலே என்ன படித்தாய் என்று கேட்போம். பதிலை யோசித்துக்கொண்டு வாருங்கள். தாய் தகப்பன்மாரும் வரலாம், ஆனால் முதல் பத்து நிமிடம் வெளியே வாங்கில் இருக்கவேண்டி வரும். தேத்தண்ணி தருவோம்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். அந்த யன்னல் ஓரத்தில் கை உயர்த்தின பிள்ளை, எழும்பும். இல்லை, அம்மா இல்லை. நீர் கேளும்.