பெருநாள் பணம் வேறு, ஜகாத் வேறு

(ரமலானில் தராவீஹ் தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஹஜ்ரத் அவர்கள் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். நம் வீடுகளில் பிள்ளை பார்க்க வரும் ஆயாம்மாவுக்குப் பெருநாளைக்கு என்ன கொடுப்பது?

ரமலான் பிறந்தால் நம் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வரும். "இந்தப் பெண் மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் பிள்ளை பார்க்கிறார். ரொம்ப ஏழை. ஜகாத் நிதியிலிருந்து உதவவும்." எழுதியவர் வசதியானவர். கடிதத்தைக் கொண்டு வந்து வரிசையில் நிற்பவர் அந்த அம்மா. "பெருநாளைக்கு நீங்க என்ன கொடுக்கப் போறீங்க?" என்று எழுதியவரிடம் கேட்டால், "அதான் உங்ககிட்ட அனுப்பியிருக்கோமே" என்கிறார். சிலர் தங்கள் சொந்த ஜகாத்திலிருந்தே இரண்டாயிரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெருநாள் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை. ஜகாத் ஏழையின் ஹக்கு. அதை வேலைக்குக் கூலியாகக் கொடுக்க முடியாது. கூலியோடு வழக்கமாக எதிர்பார்க்கிற பணத்துக்கு ஈடாகவும் கழிக்க முடியாது. அந்த அம்மா ஜகாத் பெறத் தகுதியானவர் என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பெருநாள் பணத்துக்கு மேல் தனியாகக் கொடுங்கள். நுணுக்கமான சட்டங்களை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் யாரையும் குறை சொல்ல இங்கே நிற்கவில்லை. நானே இதைச் செய்தவன். என் மகள் வேலைக்குப் போன புதிதில், பேரனைப் பார்க்க ஒரு அம்மா வந்தார். முதல் பெருநாளுக்கு ஒரு சேலை, ஆயிரம் ரூபாய், கூடவே அறக்கட்டளையில் ஏழைகளுக்குக் கட்டிய மளிகைப் பையில் ஒன்று. பெரிதாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். மறு வருஷம் நோன்பு பாதி போனபோது அந்த அம்மா என் வீட்டாரிடம் தயங்கித் தயங்கி, "இந்த வாட்டி எவ்வளவு தருவீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லாயிருக்கும்மா. கம்மல் அடகுல இருக்கு" என்று கேட்டிருக்கிறார். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கொடுப்பதற்குக் கணக்குக் கேட்கிறாரே என்று.

அன்று ராத்திரி வாப்பாவின் நினைப்பு வந்தது. வாப்பா வெளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார்கள். பெருநாள் பணம் எவ்வளவு என்று முதலாளி கடைசி நாள் வரை சொல்ல மாட்டார். "பார்க்கலாம்" என்பார். எங்களுக்குச் சட்டை உண்டா இல்லையா என்பது அந்த "பார்க்கலாமில்" தொங்கும். அதே வார்த்தையை நான் என் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, எவ்வளவு? போனஸுக்குச் சட்டம் கம்பெனிகளுக்கு வைத்த குறைந்த அளவு 8.33 சதவீதம். அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். வீடுகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிற கம்பெனியில் அதை உரிமையாகக் கேட்டு வாங்குகிறோமே! குவைத்தில் 2015இல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டம், வேலையை விட்டுப் போகும்போது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. இது போனஸ் அல்ல, பணிக்கொடை. ஆனாலும் அங்கே வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதானே துஆ செய்கிறோம்?

ஆகவே ஒரு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 9,000 வாங்குகிறவர் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றால் 6,000. இதற்கே முடியாத குடும்பங்களும் இங்கே உண்டு, எனக்குத் தெரியும். அவர்கள் தங்களால் முடிந்ததை முடிவு செய்து இப்போதே அந்த அம்மாவிடம் சொல்லிவிடட்டும். தொகை குறைந்தாலும் பரவாயில்லை, "பார்க்கலாம்" வேண்டாம். சேலை அதற்கு மேல் உங்கள் விருப்பம். போன மாதம் வாங்கிய முன்பணத்தை இதில் பிடிக்காதீர்கள்.

ஆயாம்மா மாற்று மதச் சகோதரி என்றால் தீபாவளிக்கா, பொங்கலுக்கா, நம் பெருநாளுக்கா என்று அவரிடமே கேளுங்கள். நம் ஆள் என்றால் பெருநாள் அன்று விடுப்புக் கொடுங்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று அன்றும் கூப்பிட்டால், அவர் பிள்ளைக்கு யார் சட்டை மாட்டிவிடுவது?

நபி (ஸல்) அவர்களுடைய தாயார் அப்வாவில் வஃபாத்தானபோது, ஆறு வயதுப் பிள்ளையை மக்காவுக்குக் கூட்டி வந்தவர் உம்மு ஐமன் (ரலி). பணிப்பெண்தான். பெரியவரான பிறகும் நபியவர்கள் அவரைத் தேடிப்போய்ப் பார்த்து வந்தார்கள். நபியவர்களுக்குப் பின் அபூபக்ர், உமர் (ரலி) இருவரும் போனார்கள்.

எங்கள் வீட்டு அம்மாவுக்கு அந்த வருஷம் நோன்பு இருபதிலேயே ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். கம்மலை மீட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பேரன் அதைப் பிடித்து இழுத்து ஒரு திருகாணியைத் தொலைத்துவிட்டான், அது வேறு கதை.

கடைசியாக நிர்வாகத்தின் முடிவு. இந்த ரமலான் முதல், வேலை கொடுப்பவரின் சிபாரிசுக் கடிதத்தை ஜகாத் மனுவோடு வாங்க மாட்டோம். அந்த அம்மாவே நேரில் வரட்டும், அவர் நிலையை நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம். மனு கொடுக்க வருகிறவர்களில் வீட்டு வேலை செய்பவர்களை, 2007 முதல் நம் மாநிலத்தில் இருக்கும் வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் சேர்த்துவிடவும் உதவுவோம். ஆதாரும் ரேஷன் கார்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். அஸர் முதல் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும்.

வஸ்ஸலாம்.