பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வஸிய்யத்

(குடும்ப நல வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சொத்துப் பற்றிப் பேச்செடுத்தால், "அதான் குர்ஆன்ல பங்கு சொல்லியிருக்கே, நாம எழுத என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாரிசுகளின் பங்கு சூரத்துன் நிஸாவில் வகுக்கப்பட்டுவிட்டது. அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதே சூராவின் 11, 12ஆம் வசனங்கள், இறந்தவரின் கடனும் வஸிய்யத்தும் போகத்தான் பங்கு என்றும் சொல்கின்றன. அந்த இரண்டும் நாம் எழுதி வைத்தால்தான் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நம் ஊரில் ஒருவர் மவுத்தாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் போக 36 லட்ச ரூபாய் சொத்து. தாய் தகப்பன் இல்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் அவருக்கு முன்பே மவுத்தாகிவிட்டார். அந்த மகனின் இரண்டு பிள்ளைகளும் இவர் வீட்டிலேயே வளர்கிறார்கள்.

மனைவிக்கு எட்டில் ஒன்று, நாலரை லட்சம். மீதியில் மகனுக்கு 21 லட்சம், மகளுக்குப் பத்தரை லட்சம். தகப்பனில்லாத அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. மகன் ஒருவர் உயிரோடு இருப்பதால், அவர்கள் வாரிசு வரிசையில் வரமாட்டார்கள்.

இந்த நிலையைக் கவனித்து எகிப்து 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் என்று சட்டம் செய்தது. பாகிஸ்தான் 1961இல் இறந்த மகனின் பங்கைப் பிள்ளைகளுக்கே கொடுத்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் ஷரீஅத் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறது. வாரிசாக வராதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் சொத்தைத் தர்மம் செய்யக் கேட்டபோது, மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் வரம்பு கட்டினார்கள்.

அந்த மனிதர் வஸிய்யத் எழுதியிருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு 12 லட்சம் வரை கிடைத்திருக்கும். மீதி 24 லட்சத்தில் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. யாரும் தெருவுக்கு வரவில்லை. எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் இதே வழிதான். ஆனால் வாரிசாக வருகிற ஒருவருக்கே வஸிய்யத் எழுதினால், அவர் மவுத்துக்குப் பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும்.

வாயால் சொன்ன வஸிய்யத்தும் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. எழுதுங்கள். பங்கு பெறாத இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை கிடையாது. உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடுத்து, நம் பள்ளத்தாக்கில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "பொம்பளப் பிள்ளைக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, வயல்ல பங்கு கிடையாது." 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மை. ஆனால் 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விதிவிலக்கை எடுத்துவிட்டது. கம்பத்துத் திராட்சைத் தோட்டமானாலும் சின்னமனூர் வயலானாலும் மகளுக்குப் பங்கு உண்டு. கல்யாணச் செலவு அந்தப் பங்கை அழிக்காது.

மூன்றாவது, நாமினி. வங்கியில் மூத்த மகன் பெயரைக் கொடுத்திருந்தால் பணம் அவருடையது என்று நினைக்கிறோம். பணத்தை வாங்கும் கை மட்டுமே நாமினி. அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர வேண்டிய அமானிதம். 2010இல் உச்சநீதிமன்றமும் வங்கிக் கணக்கு விஷயத்தில் இதையே சொன்னது.

கடைசியாக, ஒரு நோட்டு. கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், மனைவிக்குக் கொடுக்காமல் நிற்கிற மஹர், வங்கிக் கணக்கு, பட்டா எண், மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் இருந்தால் அதன் சர்வே எண், வரி ரசீது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மஹரும் கடன்தான், பங்கு பிரிக்கும் முன் கொடுக்க வேண்டியது. ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

ஆதாரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இருப்பவர்கள் இப்போதே சரிசெய்யுங்கள். நீங்கள் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை, நீங்கள் போன பிறகு உங்கள் பீவிக்குப் பல மாத அலைச்சல்.

பங்குக் கணக்கை ஆலிமிடம் கேளுங்கள். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நோட்டின் முதல் பக்கத்தையாவது எழுதுங்கள். நம் பிள்ளைகள் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்களாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.