உடலும் ஓர் அமானிதம்
(மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

வாப்பாவின் வேலை காரணமாக நான் உயர்நிலைப் பள்ளி படித்தது அமெரிக்காவில். அங்கே மல்யுத்த அணியில் இருந்தேன். போட்டியன்று காலையிலேயே எடை பார்ப்பார்கள். பிறகு இரவு வரை ஆட்டம். ஓர் ஆட்டம் ஆறு நிமிடம்தான். ஆனால் தொடக்கத்தில் தோற்றவன் மூன்றாம் இடம் பிடிக்க, அன்றைக்கே நாலைந்து பேரை வென்றாக வேண்டும்.

அதைவிடக் கடினம், எடையைக் குறைப்பது. குறைந்த எடைப் பிரிவில் இடம்பிடிக்க, தண்ணீர்கூடக் குடிக்காமல் ரப்பர் உடையோடு ஓடுவோம். "சாப்பிட்டாச்சு" என்று உம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

1997 நவம்பர், டிசம்பரில் அந்நாட்டில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதன் பிறகே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடைக்குத் தடை வந்தது. செய்தி கேட்ட இரவு உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை, கஞ்சி காய்ச்சித் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்கள்.

அடுத்த போட்டியில் மேல் எடைப் பிரிவில் இறங்கினேன், தோற்றேன். ஆனால் தலைசுற்றாமல் வீடு திரும்பினேன்.

உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை விளையாட அனுப்புங்கள். "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்கு முன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.