"ஒரு இஞ்ச் போதும் தம்பி"

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசணும்ப்பா, உபயோகமா ஏதாவது பேசு" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். என் ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேசினால் பின்வரிசை தூங்கிவிடும். அந்த வரிசையில் நாலு வருஷம் தூங்கியவன் என்பதால் எனக்குத் தெரியும். ஆகவே என் ஜீப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

போடிமெட்டு தாண்டி அப்பாவுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை அரித்துப்போய்ப் பாறை எல்லாம் தலைகாட்டிவிட்டது. அப்பாவுக்கு மூட்டுவலி, நடந்து ஏற முடியாது. நான் ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன், அதைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் ஏறிவிடும் என்ற கணக்கில்.

நம் கல்லூரியில் படித்தவனாச்சே, சும்மா செய்வேனா? புது லீஃப் ஸ்பிரிங் டிசைன், கம்ப்யூட்டரில் டிராயிங், அறுபத்து நாலு வேலைகள் கொண்ட ஒரு பட்டியல். வண்டி ஷெட்டில் கட்டை மேல் நின்றது. ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. "என்னப்பா, வண்டி எப்பக் கெளம்பும்?" என்று அப்பா கேட்பார். "இன்னும் ரெண்டு மாசம்ப்பா" என்பேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு உறைத்தது.

போடியில் ஒரு மெக்கானிக் அண்ணன். என் டிராயிங்கைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் நீளமாப் போட்டா வண்டி ஒரு இஞ்ச் ஏறும். டயரை ஒரு சைஸ் பெருசாப் போடுங்க. உங்க அப்பா தோட்டத்துக்கு இது போதும்" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஷேக்கிளின் ஒரு முனைதானே இறங்குகிறது, அதனால் பாதி உயரம்தான் கிடைக்கும். அதுவும் சேசிஸ் மட்டும்தான் உயரும். பாறையில் முட்டுகிற டிஃபரென்ஷியல் வயிறு, ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும், அதே இடத்தில்தான் இருக்கும். அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். இரண்டு வருஷ டிராயிங்கில் எனக்கு இது எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்த்தால் அடியில் ஒரே நடுக்கம். ஷேக்கிள் நீண்டதால் பின் ஆக்சில் கொஞ்சம் சுழன்று, பினியன் மூக்கு மேலே பார்க்கிறது. யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது வெளிப்பக்க வேகம் சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மூன்றாம் செமஸ்டரில் இதைத் தப்பாக எழுதியவன் நான். அண்ணன் தன் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து புரோட்டிராக்டரை எடுத்து, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கோணம் பார்த்தார். ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் தகட்டைச் சீவி ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைத்தார். நடுக்கம் போயே போச்சு.

ஜீப்பின் பிறப்பே இப்படித்தான். 1940இல் அமெரிக்க ராணுவம் முதல் மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள்தான். பேண்டம் என்ற சின்னக் கம்பெனி, கிடைத்த கார் பாகங்களை எல்லாம் சேர்த்து, ஆக்சிலுக்கு ஸ்டூட்பேக்கர் காரினுடையதைத் தழுவி, செப்டம்பர் 23ஆம் தேதி மாலை கெடு முடியும் நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ராணுவம் கேட்ட எடை 1300 பவுண்டு. யாராலும் அதற்குள் வர முடியவில்லை. கடைசியில் ராணுவம்தான் எண்ணை மாற்றிக்கொண்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அண்ணன் வேலை செய்ததைப் பார்த்ததும் நான் ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். "தம்பி, பிரேக் ஹோஸ் எட்டுதான்னு பாத்தீங்களா?" என்று அவர் கேட்டார். "ஓடட்டும்ண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். என் பட்டியலில் அது நாற்பத்தொன்றாவது வேலை: 'ஆக்சில் முழுசாகத் தொங்கும்போது ஹோஸ் நீளம் அளக்கவும்.' என் கையெழுத்துதான்.

மறுநாளே அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இறக்கம். முன் இடதுசக்கரம் பள்ளத்தில் தொங்கியது. பெடலை மிதித்தேன், பலகை வரை போயிற்று. பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஹோஸ் இழுபட்டு அறுந்திருந்தது. லோ ரேஞ்ச், முதல் கியரில் இருந்ததால் வண்டி ஊர்ந்துதான் போனது. ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்தேன், மோதி நின்றது. அண்ணன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். என் கை நின்று நடுங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. "இங்கயே எறங்கிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய் ஏலச் செடியைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று இரவு அவர் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். அண்ணன் அறுந்த ஹோஸை மடக்கி, லாக்கிங் பிளையரால் இறுக்கிக் கம்பி சுற்றி, ஆயிலை ஊற்றிக் காற்று எடுத்தார். மூன்று சக்கரத்துக்குப் பிரேக் வந்தது. நாங்கள் இருவர் மட்டும் நடைவேகத்தில் கீழே இறங்கினோம். வழி முழுக்க அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காலையில் நாலு சக்கரத்தையும் தொங்கவிட்டு அளந்து, நீளமான புது ஹோஸ்கள் வாங்கி மாட்டினோம். அந்த வேலைக்கு மட்டும் நாள் முழுக்க ஆயிற்று. அவர் அவசரப்படவே இல்லை.

தம்பிகள் யாராவது இதைக் கேட்டு இன்றைக்கே ஷேக்கிள் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். என் ஜீப் இப்போது தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓடுகிறது. அப்பாதான் முன்சீட்டு.

அறுந்த ஹோஸைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டோமொபைல் லேபில் வைத்துக்கொள்வதாகச் சார் சொல்லியிருக்கிறார். டீ இடைவேளையில் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். எத்தனை இஞ்ச் குறைந்தது என்று அளக்க ஸ்கேலும் வைத்திருக்கிறேன்.