இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்

(மழைக்காலத்துக்கு முன்பாக நம் டிரஸ்ட் நடத்திய குடும்ப ஒன்றுகூடலில், சர்வர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ராயபுரம் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் உம்மாவுக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சர்வர்களையும் இணைய இணைப்பையும் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருடைய கணக்கையும் ஆவணத்தையும் ஓரிடத்தில் வைத்திருந்து, யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர். அது இரவு பகலாக ஓட வேண்டும். ஓடுகிறவரை என்னை யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் நள்ளிரவிலும் போன் வரும்: "பாய், நெட் வரலை!"

இன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கினேன். ஒன்று போனால் மற்றொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். "இனிமேல் கவலை இல்லை" என்று முதலாளியிடம் சொன்னேன். ஒருநாள் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டினார்கள். ஜேசிபி இழுத்த ஒரே இழுப்பில் இரண்டு இணைப்பும் போய்விட்டன. கம்பெனிகள்தான் இரண்டு, கேபிள்கள் கிடந்தது ஒரே பள்ளத்தில். பார்ம் 13 எடுக்க முடியாமல் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றன. அந்த டிரைவர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை. மாதம் இரண்டு பில் வருகிறதா என்று பார்த்த நான், கேபிள் எந்த வழியாக வருகிறது என்று கேட்கவே இல்லை.

இதே தவறு உலக அளவிலும் நடந்திருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் இணையத் தகவல் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகப் போவதில்லை. கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகத்தான் போகிறது. அந்தக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் முக்கிய ஊர்கள் மும்பையும் நம் சென்னையும். இது நமக்குப் புதிதல்ல. 1871இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி ஓடியது. 2002இல் சிங்கப்பூருக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு பெரிய கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தன. அவற்றில் ஒன்று சென்னைக்கும் வருகிற சீ-மீ-வீ 4. எங்கோ எகிப்தில் அறுந்ததற்கு இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் பெரும்பகுதி போய்விட்டது. கேபிள் இரண்டு இருந்தும் வழி ஒன்றாக இருந்ததுதான் காரணம். இரண்டு நாள் கழித்து துபாய்க்கும் ஓமனுக்கும் இடையே இன்னொரு கேபிளும் அறுந்தது. பழுது பார்க்கப் போனவர்கள் அங்கே கண்டது, யாரோ விட்டுப்போன 5, 6 டன் எடையுள்ள நங்கூரம். காசிமேட்டுக்காரர்களுக்கு நங்கூரத்தின் இழுவையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசு இல்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் மெஷினுக்கு நெட் இல்லை. மரங்கள் சாய்ந்து மின்கம்பியையும் கேபிளையும் சேர்த்தே அறுத்திருந்தன. பால் வாங்கக்கூட வழியில்லாமல் எத்தனை வீடுகள் தவித்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல இடங்களில் கேபிள் அறுபடவில்லை, கரண்ட்தான் போனது. செல்போன் டவரிலும் பேட்டரிதான் இருக்கிறது. அது தாங்குவது சில மணி நேரம். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். தெருவில் வெள்ளம் நின்றால் டீசல் எப்படி வரும்? வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் போனைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இங்கே உம்மாவின் போன் செத்துக் கிடந்தது.

ஆகவே பள்ளம் என்று நான் சொல்வது தெருவில் தோண்டிய பள்ளத்தை மட்டுமல்ல. இரண்டு இணைப்புக்கும் ஒரே கரண்ட் என்றால் அதுவும் ஒரே பள்ளம். கணக்கும் அதன் நகலும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். பாஸ்வேர்டு ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்த ஆளே பள்ளம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

"99 சதவீதம் இணைப்பு உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 1 சதவீதம் என்பது வருடத்தில் 87 மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்றரை நாள். அந்த மூன்றரை நாள் உங்கள் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் வந்து விழலாம்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, வீட்டில் ஃபைபர் இருந்தால் செல்போன் சிம்மை வேறு கம்பெனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தரைவழி, ஒன்று காற்றுவழி. இரண்டாவது, வைஃபை பெட்டிக்குக் குறைந்த மின்சாரம் போதும். அதற்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். மூன்றாவது, சான்றிதழ், ரேஷன் கார்டு, கணக்கு எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும். வெள்ளம் புகும் பகுதியில் கம்ப்யூட்டரைத் தரையில் வைக்காதீர்கள். நான்காவது, புயல் நேரத்தில் ஒரு கம்பெனி சிம் இன்னொரு கம்பெனி டவரில் வேலை செய்ய அரசு ஏற்பாடு செய்வதுண்டு. அப்போது போன் செட்டிங்கில் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கும் ஒன்று சொல்கிறேன். கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் விவரமும், மருத்துவ உதவி கேட்ட குடும்பங்களின் விவரமும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவை அமானிதம். பாஸ்வேர்டை உறையிலிட்டு ஒட்டி, பொறுப்பாளர்கள் இருவரிடம் கொடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அந்த நகலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் என் தொழிலில் நிறையப் பேர்.

நானும் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரி இல்லாத நேரம் பார்த்து, முதல் இணைப்பின் வயரை என் கையாலேயே பிடுங்கிவிடுவேன். இரண்டாவது எடுக்கிறதா என்று பார்ப்பேன். முதல் தடவை எடுக்கவில்லை. அன்று ஞாயிறு என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. திங்கட்கிழமைக்குள் சரி செய்துவிட்டேன். இந்த மழைக்கு முன் உங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சோதித்துப் பாருங்கள்.