நாயைப் பூனை துரத்தியது
(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் வண்ணாரப்பேட்டைச் சகோதரிகள் பேசியது)



நாங்கள் வடசென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறோம். சாயங்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். எங்களில் யாரும் டீச்சர் இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள்தான்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ந் தேதி. அதற்குச் சில நாள் முன்னால் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பித்தபோது எங்களில் சிலர் தன்னார்வலராகச் சேர்ந்தோம். பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இரண்டாம் வேற்றுமை உருபு ஐ" என்று பத்து தடவை சொல்ல வைத்தோம். மனப்பாடமாகச் சொன்னார்கள். எழுதும்போது தப்பாகவே எழுதினார்கள்.

ஒரு நாள் போர்டில் இரண்டு வாக்கியம் எழுதினோம். 'நாய் பூனையைத் துரத்தியது.' 'நாயைப் பூனை துரத்தியது.' இரண்டுக்கும் படம் போடுங்கள் என்றோம். பாதிப் பேர் இரண்டுக்கும் ஒரே படம் போட்டார்கள், நாய்தான் துரத்துகிறது! ஒரு பையன் மட்டும் இரண்டாவதில் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட, பூனை பின்னால் வருவதுபோல் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். "பூனை எப்படிடா நாயைத் துரத்தும்?" என்று கேட்டால், "அங்க 'நாயை'ன்னுதானே போட்டிருக்கு" என்றான். அன்றைக்குத்தான் எங்களுக்கே புரிந்தது. வாயால் கேட்டால் பிள்ளை தலையை ஆட்டிவிடும். படம் போடச் சொன்னால் புரிந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

எங்கள் பேட்டையில் தெலுங்கு பேசும் வீடு, உருது பேசும் வீடு, இந்தி பேசும் வீடு எல்லாம் உண்டு. இந்தி பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி 'நாய்க்குப் பூனை துரத்தியது' என்று எழுதினாள். முதலில் அதட்டினோம். பிறகு விசாரித்தால், அவர்கள் பேச்சில் 'நாயை' என்பதற்கும் 'நாய்க்கு' என்பதற்கும் 'கோ' என்ற ஒரே சொல்தானாம். அதட்டியது எங்கள் தப்பு. அவளுக்காக இரண்டு அடையாளம் வைத்தோம். 'ஐ' வந்தால் அந்த ஆளை நோக்கி ஒரு அம்பு. 'கு' வந்தால் அந்த ஆள் கை நீட்டி வாங்குகிற மாதிரி ஒரு கை. ஒரே வாரத்தில் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

இது எங்களுக்கும் உதவியது. எங்கள் குழுத் தீர்மானப் புத்தகத்தில், 'ஊக்குநர் பிரதிநிதிக்கு 3000 ரூபாய் கொடுத்தார்' என்று எழுத வேண்டிய இடத்தில், அவசரத்தில் 'ஊக்குநருக்குப் பிரதிநிதி 3000 ரூபாய் கொடுத்தார்' என்று எழுதிவிட்டோம். வாங்கினவங்க யார், தர வேண்டியவங்க யார் என்று பெரிய சண்டை. இரண்டு அக்காவும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் பிள்ளைகளின் கை அடையாளத்தைப் போட்டுப் பார்த்துத்தான் தப்பைக் கண்டுபிடித்தோம். இப்போது பணம் கைமாறினால் தீர்மானத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கை வரைந்துவிடுகிறோம். தணிக்கைக்கு வந்தவர் பார்த்துச் சிரித்தார், சிரிக்கட்டும்.

படம் போட்டுப் படிப்பது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலியில் நடந்த முறையைப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரில் தாழ்வாகக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். 2007-08ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பெரிய பிள்ளைகள் அப்படிப் படித்தவர்கள். அந்தப் பந்தல் ஞாபகம்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

இன்னொரு விளையாட்டு. பேச்சில் நாம் 'மீனுங்க நீந்துச்சு' என்கிறோம். அதனால் பிள்ளைகள் 'மீன்கள் நீந்தியது' என்று எழுதுகிறார்கள். ஒரு மீன் போட்டால் 'நீந்தியது', இரண்டாவது மீனைச் சேர்த்ததும் அடியில் 'நீந்தின' என்று மாற்றி எழுத வேண்டும். மாற்றாதவர் மீன் வலையில் மாட்டியது. காலம் சொல்லிக் கொடுக்க இட்லித் தட்டு. நிறைந்த தட்டு 'சாப்பிடுவேன்', பாதித் தட்டு 'சாப்பிடுகிறேன்', காலித் தட்டு 'சாப்பிட்டேன்'.

ஒரு எச்சரிக்கை. கலர் பென்சில் கொடுத்தால் முடிந்தது, ஒரு மணி நேரம் பூனைக்கு மீசை வரைவார்கள். எங்கள் கணக்கு, படத்துக்கு இரண்டு நிமிஷம்தான். குச்சி மனுஷன் போதும். கீழே வாக்கியம் எழுதாத படத்துக்கு மார்க் இல்லை. ஒற்று மிகும் இடமெல்லாம் இப்படி வராது, அதற்கு எழுதிப் பழகுவதுதான் வழி. ஆனாலும் 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டையும் வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் முருகன் கை வேல் வர வேண்டும்.

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. சாக்பீஸ் இல்லாவிட்டால் வாசலில் கோலமாவு, அதுவும் இல்லாவிட்டால் மண்ணில் ஒரு குச்சி. நாய், பூனைதான் என்றில்லை. உங்கள் ஊரில் கோழியும் கீரிப்பிள்ளையும் இருக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள்.