இருட்டறையில் ஒரு கடிகாரம்



திருப்பூர் என்றதும் உங்கள் நினைவில் எழுவது பனியன். 1920-களில் அங்கே தோன்றிய பின்னலாடைத் தொழில், பல ஆண்டுகள் வெள்ளைப் பனியனையே தன் முதற்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. பின்னி வந்த கோராத் துணியைச் சலவை செய்து, ஊருக்கு வெளியே திறந்த வெளியில் உலர்த்துவார்கள். நண்பகல் வெயிலில் அந்த வெண்மையைக் கண்கொண்டு நோக்க முடியாது. அத்துணிகளின் நடுவே, தலையில் முண்டாசும் உடலில் பனியனுமாக, வெயிலில் கறுத்த உழைப்பாளி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண் அவருடைய முகத்தின் சுருக்கங்களையும் காண்கிறது. பனியனின் பின்னல் கண்ணிகளையும் காண்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் பிடிக்கும் புகைப்படக்காரர் இவ்விரண்டையும் ஒரே தாளில் கொண்டுவருவது எப்படி? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

முதலில் இடர்ப்பாடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பனியன் தன்மேல் விழும் ஒளியில் 100-க்கு 80 பங்கைத் திருப்பி அனுப்புவதாகவும், கறுத்த முகம் 10 பங்கையே அனுப்புவதாகவும் கொள்வோம். இது 8 மடங்கு வேறுபாடு. அந்த முகமோ முண்டாசின் நிழலில் இருக்கிறது. அங்கே விழும் ஒளி வெயிலில் எட்டில் ஒரு பங்கு என்றால், 8 மடங்கு 8, ஆக மொத்தம் 64 மடங்கு வேறுபாடு. பிலிம் இதைத் தாங்கும். ஆனால் படத்தை அச்சிடும் தாள் அத்தனை தாராளமானது அன்று. நடுத்தர வகைத் தாளுக்கு, நெகட்டிவின் தெளிந்த பகுதிக்கும் கறுத்த பகுதிக்கும் இடையே ஒளி கடந்து வருவதில் ஏறத்தாழ 11 மடங்கு வேறுபாடுதான் ஏற்றது. 64-ஐ 11-க்குள் அடக்க வேண்டும். அடக்கும் கருவி எது? இருட்டறைச் சுவரில் தொங்கும் கடிகாரமே.

அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்குகிறேன். பிலிமின் மேல் பூசப்பட்ட வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் ஒளி பட்டதும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மாறுதலை அடைகின்றன. டெவலப்பர் என்னும் கரைசலில் இட்டால், ஒளிபட்ட படிகங்கள் கருநிற வெள்ளியாகின்றன. எஞ்சிய உப்பைப் பின்னர் ஹைப்போ கரைத்து நீக்கிவிடுகிறது. ஆதலால் நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைப் பனியன் கறுத்துத் தடித்துத் தோன்றும். முகமோ மெல்லிய சாயலாக நிற்கும். இந்தக் கறுப்பின் அளவை அடர்த்தி என்பர். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியே அதனூடே செல்லும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு.

1890-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் இரசாயனத் தொழிலில் இருந்த இரு நண்பர்கள், ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்போர், இந்த அடர்த்தியை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை கைப்பழக்கமாகவே இருந்த ஒரு கலையை அவர்கள் அளவைக்கு உட்படுத்தினார்கள். டெவலப் செய்யும் நேரம் கூடும்போது எல்லா இடத்து அடர்த்தியும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வளர்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று.

ஒரே விகிதத்தில் வளர்ந்தால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வட்டிக் கணக்கே போதும். ஒருவரிடம் 20 ரூபாய். மற்றொருவரிடம் 100 ரூபாய். இருவருக்கும் வட்டி நூற்றுக்கு 50 என்றால், முன்னவர் கையில் 30, பின்னவர் கையில் 150. வட்டி விகிதம் ஒன்றே. ஆனால் இருவருக்கும் இடையே இருந்த 80 ரூபாய் வேறுபாடு 120 ஆகிவிட்டது. நெகட்டிவிலும் அப்படியே. முகத்தின் அடர்த்தி 0.2-இலிருந்து 0.3 ஆகும், பனியனுடையது 1.0-இலிருந்து 1.5 ஆகும். நேரத்தைக் கூட்டினால் மாறுபாடு கூடும், குறைத்தால் குறையும். அதிலும் மாற்றம் பெரிதாகத் தெரிவது ஒளிமிக்க பகுதியிலேதான்.

முதலே இல்லாதவருக்கு வட்டி ஏது? இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் தொழில் பழகிய காலத்தில், ஒரு சலவைப் பட்டறைத் தொழிலாளர் சிலரை நண்பகலில் நிறுத்திப் படம் எடுத்தேன். சுற்றிலும் இருந்த வெண்மை என்னை ஏமாற்றிவிட்டது. வெளிச்சம் மிகுதி என்று எண்ணி, பிலிமுக்கு ஒளியைக் குறைத்துவிட்டேன். இருட்டறைக்கு வந்த பிறகுதான் முகங்கள் இருண்டுவிடுமே என்ற அச்சம் பிறந்தது. ஊறப்போட்டால் முகங்கள் எழுந்து வரும் என்று நம்பி, 10 நிமிடத்தில் எடுக்க வேண்டிய பிலிமை 16 நிமிடம் வைத்திருந்தேன். வந்தது என்ன? படத்தில் பனியன்கள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் பின்னலின் சுவடே இல்லாமல் வெளுத்திருந்தன. முகங்களோ வெறும் கரித்திட்டுகள்.

சில மாதங்களுக்குப் பின், அந்தப் படத்தில் இருந்த இளைஞர் ஒருவர் நோயால் இறந்துபோனார். அவருடைய தாயார் அந்தப் படத்தைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தார். "பையன் மொகத்த மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க சாமி" என்றார். வேறு படம் அவர்களிடம் இல்லை. நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அங்கே வெள்ளி இல்லை. எந்தத் தாளாலும், எந்த மருந்தாலும் அதை வரவழைக்க இயலாது. அந்த அம்மையாரிடம் நான் சொன்ன விடையை இன்றும் மறக்க முடியவில்லை.

எனவே விதி இரண்டாகப் பிரிகிறது. நிழற்பகுதிக்கு வேண்டியதைக் காமிராவிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒளிப்பகுதி எவ்வளவு வளரலாம் என்பதை இருட்டறையில் நேரத்தால் வரையறுக்க வேண்டும். நம் உழைப்பாளியின் முகத்தை அளந்து, அதற்குப் போதிய ஒளியைக் கொடுங்கள். அதனால் பனியன் மிகையாக ஒளி பெறும்; கவலை வேண்டாம். வழக்கமான நேரம் 10 நிமிடமானால், 8 நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். பனியன் அடங்கி, பின்னல் தெரியும். நேரத்தைக் குறைப்பதால் நிழற்பகுதியும் சிறிது மெலியும்; அதற்கு ஈடாகப் படம் எடுக்கும்போதே சற்று அதிக ஒளி கொடுப்பது நல்லது.

கல்லூரி மாணவர்கள் இதை மடக்கைக் கணக்கில் காணலாம். 64-இன் மடக்கை 1.8, 11-இன் மடக்கை 1.04. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறத்தாழ 0.58. வளைகோட்டின் நேர்ப்பகுதியின் இந்தச் சாய்வைக் காமா என்பர். ஐப்பசி மழைநாளில் வானம் மூடியிருக்கையில், அதே காட்சியின் வேறுபாடு 16 மடங்காகச் சுருங்கினால், 16-இன் மடக்கை 1.2, வேண்டிய காமா 0.87. அன்று நேரத்தைக் கூட்ட வேண்டும். இல்லையேல் படம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

நேரம் ஒன்று மட்டுமே போதுமா? திருப்பூரின் சாயப்பட்டறை மாஸ்டரைக் கேளுங்கள். மருந்தின் அளவு, நீரின் சூடு, துணியை அசைக்கும் முறை, ஊறும் நேரம், இவற்றில் ஒன்று பிசகினாலும் நிறம் பிசகும் என்பார். பிலிமுக்கும் அந்த நான்குமே காவல். டி-76 என்னும் புகழ்பெற்ற டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இதற்குரிய நேரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கே கூறப்படுகின்றன. நம் ஊர்க் கோடையில் குழாய் நீரே 30 பாகையைத் தாண்டிவிடும். 20 பாகையில் 8 நிமிடம் வேண்டிய வேலை 24 பாகையில் சுமார் ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சூட்டைக் கவனியாமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர், தாம் அறியாமலே மாறுபாட்டைக் கூட்டிவிடுகிறார். ஆகவே கரைசல் உள்ள பாத்திரத்தை, பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில் வைத்து, வெப்பமானியால் அளந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். அசைப்பதும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இருக்கட்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முறையை ஒரு பாடமாகவே வகுத்தார். கருமையிலிருந்து வெண்மை வரையுள்ள சாயல்களைப் படிகளாகப் பிரித்து, காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கச் சொன்னார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியவை தனித்தனித் தகடு பிலிம்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் கொடுக்கலாம். 36 படங்கள் கொண்ட சுருளுக்கு அந்த வசதி இல்லை. வெயில் காட்சிகளை ஒரு சுருளிலும் மேகநாள் காட்சிகளை வேறொரு சுருளிலும் எடுப்பதே நமக்கு ஏற்ற வழி.

கொங்கு நாட்டுக்கு அண்மையில், உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் உற்பத்தி செய்தது. அந்த ஆலை பின்னர் மூடப்பட்டுவிட்டது. இன்று படங்களைக் கைப்பேசியே எடுத்துவிடுகிறது. எனினும், வேறு நாடுகளில் பிலிம் இன்னும் செய்யப்படுகிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் அதை வாங்கிப் பழகுகிறார்கள். நீங்களும் ஒருமுறை பழகிப் பாருங்கள். ஒரே காட்சியை ஒரே அளவு ஒளியில் மூன்று துண்டுப் பிலிமில் எடுத்து, 6, 8, 11 நிமிடங்கள் டெவலப் செய்து, மூன்றையும் அருகருகே வைத்து நோக்குங்கள். முகம் எவ்வளவு மாறியது, பனியன் எவ்வளவு மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஓர் உழைப்பாளியைப் படம் எடுக்கும்போது, முதலில் அவருடைய முகத்தை அளந்துகொள்ளுங்கள். பனியனைப் பிறகு கடிகாரம் பார்த்துக்கொள்ளும்.